வீடு மாறினாயா, மகனே?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. ஜெபமாலையும் ஆசீரும் முடிந்து மக்கள் கலைந்து சென்ற வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றார். கையில் கைபேசி, கண்களில் நீர்.

“சாமி, என் மகனை நாடு கடத்தச் சொல்லி அமெரிக்காவிலே தீர்ப்பாகிவிட்டதாம். வழக்கு நடந்ததே அவனுக்குத் தெரியாதாம். கடிதம் ஒன்றும் கைக்கு வரவில்லையாம். ஆளை வைத்து விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லுவார்களா, சாமி?” என்று கேட்டு விம்மினார்.

நாம் சில ஆண்டுகள் அமெரிக்க நாட்டுப் பங்கு ஒன்றில் பணியாற்றித் திரும்பினோம் என்பதைப் பங்கு மக்கள் அறிவார்கள். அதனாலேயே அவர் நம்மை நாடி வந்தார். அம்மையாரை அமரச் செய்து, அவர் மகனோடு நாமும் பேசினோம். அந்த இளைஞர் எல்லையில் அடைக்கலம் கோரியவர். எங்கே போய்த் தங்கப் போகிறாய் என்று அதிகாரிகள் கேட்டபோது, உறவினர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தார். அதுவே அவருடைய வழக்குத் தாளில் பதிவாயிற்று. அங்கே நான்கு மாதம் தங்கினார். பின்னர் வேலை கிடைத்த வேறோர் ஊருக்குச் சென்றார். அங்கிருந்து நண்பர்களோடு மற்றொரு வீட்டுக்குப் பெயர்ந்தார். நீதிமன்றம் அனுப்பிய அறிவிப்போ முதல் முகவரிக்கே போயிற்று. உறவினரும் அதற்குள் அவ்வீட்டைக் காலி செய்திருந்தார். குறித்த நாளில் நீதிபதி பெயரை அழைத்தார். பதில் சொல்ல ஆளில்லை. அன்றே நாடு கடத்தும் ஆணை பிறந்தது.

அந்த இளைஞர் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, ஓடி ஒளியவும் எண்ணவில்லை. வீடு மாறிய செய்தியை நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கத் தவறினார். அவ்வளவே அவர் செய்த பிழை.

இது ஒரு வீட்டின் துயரம் என்று எண்ணி விட்டுவிட முடியவில்லை. நம்மவரின் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். பெரும்பாலோர் முறைப்படி விசா பெற்றுச் சென்றவர்கள். ஆயினும் அடைக்கலம் கேட்டு வழக்கில் நிற்கும் தமிழரும் உண்டு. இலங்கைத் தமிழர் ஒருவரின் அடைக்கலக் கோரிக்கை 2020ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றதைச் செய்தித்தாள்களில் படித்தோர் அறிவர். ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, இந்தச் சிறு காரியத்தின் பெரிய விளைவைச் சற்று விரிவாகவே உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வீடு தேடி வராத நீதிமன்றம்

நம் ஊரில் சிவில் வழக்கு என்றால், நீதிமன்றத்து அமீனா சம்மனை எடுத்துக்கொண்டு வீடு தேடி வருவார். ஆள் இல்லையென்றால் அக்கம் பக்கத்தில் விசாரிப்பார். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். ஊரறிய நடக்கும் காரியம் அது. இத்தனைக்குப் பிறகும் ஆஜராகாதவர் மீதுதான் ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்பு, அதாவது ஒருதலைத் தீர்ப்பு, சொல்லப்படும். அந்தப் பழக்கத்திலே ஊறிய நம் மக்கள், அமெரிக்காவிலும் அவ்வாறே ஒருவர் தேடி வருவார் என்று எண்ணிக்கொள்கின்றனர்.

அங்கே அமீனா வருவதில்லை. ஒருவரை நாட்டிலிருந்து அகற்றுவதற்கான வழக்கு, ஆஜராகும்படி பிறப்பிக்கப்படும் ஓர் அறிவிப்பில் தொடங்குகிறது. எல்லையில் பிடிபட்டவர்க்கு இது பெரும்பாலும் கையிலேயே கொடுக்கப்படும். அதன்பின் விசாரணை நாள் குறித்தும், நாள் மாற்றம் குறித்தும் வரும் அறிவிப்புகள் சாதாரணத் தபாலிலேயே அனுப்பப்படலாம். பதிவுத் தபாலும் தேவையில்லை; கையொப்பம் வாங்கவும் தேவையில்லை. வழக்காடுபவர் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தால் போதும் என்கிறது 1996ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டம். முகவரியே கொடுக்காதவராயின், அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டிய கடமைகூட அரசுக்கு இல்லை.

வழக்குக்கு உரியவர் வரவில்லை, அறிவிப்பு முறைப்படி அனுப்பப்பட்டது, அவர் நாட்டிலிருந்து அகற்றப்படத் தக்கவர் என்று அரசுத் தரப்பு தெளிவாக மெய்ப்பித்தால், நீதிபதி ஆள் இல்லாமலேயே ஆணையிட வேண்டும் என்பது சட்டம். இரக்கம் காட்டி இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ஒத்திப்போட எல்லா நீதிபதியும் முன்வருவதில்லை. அடைக்கலம் கோரியவர் தம் நாட்டில் பட்ட துன்பம், அவர் கைவசமுள்ள சான்றுகள், அவருக்காகப் பேச வந்த சாட்சிகள் ஆகிய எதையும் எவரும் கேட்க மாட்டார்கள். வழக்கின் உள்ளடக்கம் திறக்கப்படாமலே மூடப்படுகிறது. விசாரணை நாளையும் வராமற்போனால் நேரும் விளைவையும் முன்னரே வாய்மொழியாகவும் எடுத்துச் சொல்லியிருந்தால், வேறு சில சட்டச் சலுகைகளைக் கேட்கும் தகுதியையும் 10 ஆண்டுகளுக்கு அவர் இழக்கிறார். 2025ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, இவ்வாறு ஆளில்லாமல் ஆணை பெற்றவர் பின்னர்க் கைதானால் 5,000 டாலருக்குக் குறையாத தொகையும் அவர்மேல் விதிக்கப்படுகிறது.

நல்லாயனாம் நம் ஆண்டவர் காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப் புறப்படுகிறார். ஏதேன் தோட்டத்தில் மறைந்துகொண்ட ஆதாமையும் இறைவன் அழைத்துத் தேடினார். உலகத்து நீதிமன்றத்திடம் அந்த அன்பை எதிர்பார்க்கலாகாது. அது தேடாது. நாம்தான் இருக்குமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் சொன்னது

முதல் அறிவிப்பிலேயே விசாரணையின் நாளும் இடமும் குறிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆனால் நெடுங்காலமாக அதிகாரிகள் நாளைக் குறிப்பிடாமல், பின்னர்த் தெரிவிக்கப்படும் என்று எழுதியே அத்தாள்களைக் கொடுத்து வந்தனர். அவ்வாறான தாள் குறையுடையது என்ற கருத்தில், 2018ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு சட்டக் கேள்வியை ஒட்டித் தீர்ப்பளித்தது. ஆளில்லாமல் ஆணை பெற்ற பலரும், இதைக் காட்டி நம் ஆணையையும் நீக்கிக்கொள்ளலாம் என்று நம்பினர்.

2024ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அந்த நம்பிக்கை தளர்ந்தது. முதல் தாள் குறையுடையதாயினும், நாளும் இடமும் குறித்த பிந்திய அறிவிப்பு ஒன்று முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தால், முதல் தாளின் குறையைக் காட்டி ஆணையை நீக்க முடியாது என்று 5 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 நீதிபதிகள் மறு பக்கமுமாக அந்நீதிமன்றம் முடிவு கூறியது. இதன் பொருள் என்ன? பின்னால் தபாலில் வரும் அந்த ஒற்றைக் காகிதத்தின்மேல் வழக்கு முழுவதும் நிற்கிறது. அந்தக் காகிதமோ முகவரியின்மேல் நிற்கிறது.

முகவரி எவ்வாறு தவறிப் போகிறது?

நாம் பணியாற்றிய பங்கில் ஹோண்டுராஸ், குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ வகையில்லை. வாடகை ஏறினால் வீடு மாறுவர். வேலை முடிந்தால் ஊர் மாறுவர். அடைக்கலம் கொடுத்த உறவினரோடு மனத்தாங்கல் வந்தால் இரவோடு இரவாக மூட்டையைக் கட்டுவர். ஒரே ஆண்டில் மூன்று நான்கு வீடு மாறிய குடும்பங்களையும் கண்டோம். வீடு மாறும் வேளையில் குழந்தையின் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். சட்டி பானை நினைவுக்கு வரும். நீதிமன்றம் நினைவுக்கு வருவதில்லை.

வீடு மாறாமலே கடிதம் தவறுவதும் உண்டு. அடுக்குமாடிக் கட்டடத்தில் கதவு எண் விடுபட்டால் தபால்காரர் எந்தப் பெட்டியில் இடுவார்? பத்துப் பேர் தங்கும் வீட்டில் தபால் பெட்டியின்மேல் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், மற்றவர் கடிதம் திரும்பிப் போகக்கூடும். நம் தமிழருக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தகப்பனார் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்வது நம் வழக்கம். அமெரிக்கத் தாள்களிலோ அது குடும்பப் பெயராக மாறி நிற்கும். மகனை அந்தோணி என்றே வீட்டார் அறிந்திருக்க, கடிதமோ அவன் தகப்பனார் பெயருக்கு வந்தால், இது யாருக்கோ வந்தது என்று ஒதுக்கிவிடுவர். வழக்குத் தாளில் எந்தப் பெயர் எவ்விதம் எழுதப்பட்டுள்ளதோ, அதே பெயரைத் தபால் பெட்டியின்மேல் எழுதி ஒட்டுவது சிறிய வேலைதான்; ஆயினும் ஒரு வழக்கையே காப்பாற்றக் கூடியது.

செய்ய வேண்டியவை

அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றங்கள் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ், 1983ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தனி அலுவலகம் ஒன்றினால் நடத்தப்படுகின்றன. வழக்குத் தொடுப்பதோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. இரண்டும் அரசுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. ஒன்றிடம் சொன்னது மற்றொன்றுக்குத் தெரியும் என்று கருதுவதே பலரை வீழ்த்தும் குழி. இதை மனத்தில் இருத்திக்கொண்டு பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வீடு மாறிய 5 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதற்கென ‘ஈ.ஓ.ஐ.ஆர். 33’ என்னும் படிவம் உள்ளது. கட்டணம் இல்லை. இணையத்தின் வழியாகவும் தபால் மூலமாகவும் நேரிலும் கொடுக்கலாம். தொலைபேசி எண் மாறினாலும் இதே படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வேறொருவர் வீட்டில் தங்கியிருப்பவர், அவர் பொறுப்பில் என்று அவர் பெயரையும் சேர்த்து எழுதலாம்.

இரண்டாவது, வழக்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம் வேண்டும். நாம் அறிந்த ஒரு குடும்பத் தலைவர் தமக்கு மட்டும் படிவம் கொடுத்துவிட்டு, குடும்பத்துக்கே கொடுத்ததாக நிம்மதியாக இருந்தார். அவருடைய இரு பிள்ளைகளுக்கும் தனித்தனி வழக்கு எண் இருந்தது. பிள்ளைகளுக்கு உரிய கடிதங்கள் பழைய வீட்டுக்கே சென்றன. பழைய வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஞாயிறு திருப்பலிக்கு வந்தபோது அக்கடிதங்களைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள்களே இருந்தன. கைக்குழந்தைக்கும் வழக்கு எண் இருக்கலாம் என்பதை அன்றுதான் நாமும் உணர்ந்தோம்.

மூன்றாவது, தாளில் நிரப்பி அனுப்புவோர் அதன் நகலை அரசுத் தரப்பு வழக்குரைஞர் அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். அவ்வாறு அனுப்பியதைப் படிவத்திலேயே உறுதிமொழியாக எழுதிக் கையொப்பமிட இடமிருக்கிறது.

நான்காவது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த குடியுரிமை அலுவலகத்துக்கு ‘ஏ.ஆர். 11’ என்னும் மற்றொரு படிவத்தை 10 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கு ஏதுமின்றி விசாவோடு வாழ்வோரில் பெரும்பாலோருக்கும் இக்கடமை உண்டு. படிக்கச் சென்ற மாணவர்கள் தம் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்க்குப் பொறுப்பான அலுவலரிடம் அதே 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாவது, கடிதத்தை மட்டும் நம்பி இருக்கலாகாது. வழக்காடுவோர்க்கெல்லாம் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. 1-800-898-7180 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் அழைத்து அந்த எண்ணை அழுத்தினால், அடுத்த விசாரணை எந்த நாளில் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். எண்ணில் 8 இலக்கங்களே இருந்தால் முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்து 9 ஆக்க வேண்டும். அந்நீதிமன்ற அலுவலகத்தின் இணையப் பக்கத்திலும் இச்செய்தி கிடைக்கும். நாள் திடீரென முன்னுக்குக் கொண்டுவரப்படுவதும் உண்டு. ஆகவே வாரம் ஒருமுறை, ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்வது நலம்.

ஆறாவது, கொடுத்த படிவத்தின் நகல், தபால் ரசீது, இணையத்தில் கிடைத்த ஒப்புகை ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். முகவரி கொடுத்தேன் என்று வாயால் சொல்வதற்கும், இதோ ரசீது என்று நீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு நீதிபதியின் முன் நிற்கும்போது தெரியும்.

சில தவறான எண்ணங்கள்

“தபால் நிலையத்தில் புது முகவரி எழுதிக் கொடுத்துவிட்டேனே” என்பார் சிலர். அது தபால் நிலையத்துக்குச் சொன்னது, நீதிமன்றத்துக்குச் சொன்னதாகாது.

“அதிகாரியிடம் கையெழுத்துப் போடப் போகும்போது சொல்லிவிட்டேன்” என்பார் வேறு சிலர். அந்த அதிகாரி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர். அவர் குறித்துக்கொண்டது நீதிமன்றப் பதிவேட்டுக்குத் தானாகப் போய்ச் சேராது.

“வக்கீல் பார்த்துக்கொள்வார்” என்பார் இன்னும் சிலர். வக்கீலின் பெயருக்கு வந்த அறிவிப்பும் கட்சிக்காரருக்கு வந்ததாகவே கொள்ளப்படும். வக்கீலுக்கே புது முகவரியும் எண்ணும் தெரியாவிட்டால் அவர் யாரைத் தேடுவார்? ஆகவே அவருக்கும் சொல்ல வேண்டும். படிவம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டும் கொள்ள வேண்டும்.

இவை யாவற்றினும் கொடிய தவறு ஒன்றுண்டு. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், முகவரி மாற்றிக் கொடுத்துவிட்டதால் வழக்கும் அந்த ஊருக்கு வந்துவிட்டது என்று கருதுவதே அது. முகவரி மாறினால் வழக்கு மாறாது. வழக்கைப் புது ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றும்படி தனியாக மனுச் செய்ய வேண்டும். நீதிபதி அதை ஏற்று ஆணையிடும் வரையில், ஆயிரம் மைல் தொலைவாயினும் பழைய நீதிமன்றத்தில்தான் ஆஜராக வேண்டும். மனுக் கொடுத்தாயிற்றே என்று வீட்டில் இருந்துவிட்டவர்கள் அதே நாளில் நாடு கடத்தும் ஆணை பெற்றிருக்கின்றனர்.

அஞ்சி ஒளியலாமா?

இதைப் படிக்கும் பெற்றோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். இருக்குமிடத்தைத் தாமே எழுதிக் கொடுப்பது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்து வைப்பதாகாதா? அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2025ஆம் ஆண்டில் விசாரணைக்கு வந்தவர்களை நீதிமன்றக் கட்டடத்தின் நடைவழிகளிலேயே கைது செய்த நிகழ்ச்சிகள் அந்நாட்டின் பல நகரங்களில் நடந்தன. அதைக் கண்டு ஏழை மக்கள் நடுங்கினர்.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வழக்கு ஏற்கெனவே தொடுக்கப்பட்டுவிட்டது. பெயரும் புகைப்படமும் விரல் ரேகையும் அரசின் கையில் இருக்கின்றன. ஒளிந்துகொள்வதால் வழக்கு நின்றுவிடாது. வழக்காடும் உரிமைதான் நின்றுவிடும். நீதிமன்றத்தில் நிற்பவருக்கு ஆபத்து இருக்கலாம். நிற்காதவருக்கோ ஆணை வருவது ஏறத்தாழ உறுதி. அச்சமுள்ளவர் செய்யத்தக்கது, விசாரணைக்கு முன்பே தகுதியுள்ள வழக்குரைஞரைக் கண்டு ஆலோசிப்பதே. இவ்வழக்குகளில் அரசு தன் செலவில் வக்கீல் வைத்துத் தராது. அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். வக்கீல் என்று சொல்லிக்கொண்டு படிவம் நிரப்பிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்களும் உண்டு. அவர்களிடம் எச்சரிக்கை வேண்டும்.

நாள் தவறியபின் என்ன செய்வது?

ஆணை வந்துவிட்டதென்றால் எல்லாம் முடிந்ததென்று கைவிட வேண்டாம். கடும் நோய், மனைவி மக்கள் அல்லது பெற்றோரின் மரணம் போன்ற, தம் சக்திக்கு மீறிய காரணத்தால் வர இயலாது போயிருந்தால், ஆணை பிறந்த 180 நாட்களுக்குள் அதை நீக்கும்படி மனுச் செய்யலாம். சட்டப்படியான அறிவிப்பே கிடைக்கவில்லை என்றால் எப்பொழுது வேண்டுமாயினும் மனுச் செய்யலாம். சிறையில் இருந்ததால், தம் குற்றமின்றி வர இயலாதவர்க்கும் இவ்வுரிமை உண்டு. இவ்வாறு மனுக் கொடுத்தவுடன், நீதிபதி அதன்மேல் முடிவு சொல்லும் வரையில் நாடு கடத்துவது தானே நிறுத்தி வைக்கப்படுகிறது.

ஆனால் இங்கேயும் முகவரியே குறுக்கே வந்து நிற்கும். “அறிவிப்புக் கிடைக்கவில்லை” என்று சொல்பவரிடம், “நீர் வீடு மாறியதை எழுதிக் கொடுத்தீரா?” என்றே முதலில் கேட்பார்கள். கொடுத்தேன் என்பவருக்கு வழி திறக்கும். கொடுக்கவில்லை என்பவருக்கு அது மிகவும் குறுகலான வாசல்.

திருச்சபையின் பங்கு

அந்நியரை ஏற்றுக்கொள்வது இறுதித் தீர்வையில் ஆண்டவரே நம்மிடம் கணக்குக் கேட்கப்போகும் காரியம் என்பதை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சூசையப்பர் நள்ளிரவில் எழுந்து, பாலனையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். அந்தத் திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட திருத்தூது ஆவணத்தில் போதித்தார். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலிய ஏழைகளுக்காக உழைத்து 1917ஆம் ஆண்டில் சிக்காகோவில் உயிர்நீத்த புனித பிரான்செஸ்கா கப்ரீனியை, குடியேறுவோரின் பாதுகாவலியாக 1950ஆம் ஆண்டில் அறிவித்தவரும் அவரே.

இந்தப் போதனையை அமெரிக்கத் திருச்சபை ஏட்டளவில் விட்டுவிடவில்லை. அந்நாட்டு ஆயர்கள் 1988ஆம் ஆண்டில் குடியேற்றச் சட்ட உதவிக்கென ஒரு கத்தோலிக்க அமைப்பை நிறுவினர். பல மறைமாவட்டங்களின் தொண்டு நிறுவனங்களில், வக்கீல் அல்லாதோரும் நீதித்துறையின் அங்கீகாரம் பெற்றுக் குறைந்த செலவில் ஏழைகளுக்காக வாதாடுகின்றனர். 2025ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், உலக அகதிகள் தினத்தன்று, சான் டியேகோ மறைமாவட்டத்தின் ஆயராக நியமனம் பெற்றிருந்த மைக்கேல் பாம் ஆண்டகை, குருக்களோடும் பிற சமயத் தலைவர்களோடும் அந்நகரக் குடியேற்ற நீதிமன்றத்துக்கே சென்று, அஞ்சி நின்ற மக்களின் அருகில் நின்றார். அவரும் வியட்நாமிலிருந்து சிறுவனாக அகதியாய் வந்தவர்.

நாம் இருந்த பங்கில் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறன்று அறிவிப்புகள் வாசிக்கும்போது, “சென்ற மாதம் வீடு மாறியவர்கள் திருப்பலி முடிந்ததும் மண்டபத்துக்கு வாருங்கள்” என்று சொல்வோம். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் படிவங்களோடு அமர்ந்திருப்பார். வருவோரின் பெயரையும் எண்ணையும் எழுத்துப் பிசகாமல் பார்த்து நிரப்ப உதவுவார். சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்; அதற்கு வக்கீலிடம் அனுப்பிவிடுவார். நிரப்பியதன் நகலை எடுத்து உறையில் இட்டுக் கையில் கொடுப்பார். பீடத்தில் நாம் ஆற்றிய மறையுரைகளில் எத்தனை அம்மக்கள் நெஞ்சில் நின்றனவோ அறியோம். அந்த மண்டபத்து மேசை சில குடும்பங்கள் பிரியாமல் காத்ததை அறிவோம்.

நம் இல்லங்கள் செய்யக் கூடியது

கடல் கடந்த பிள்ளையோடு பேசும்போது நாம் கேட்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. சாப்பிட்டாயா? உடம்பு நலமா? ஞாயிறு பூசைக்குப் போனாயா? ஜெபமாலை சொல்கிறாயா? இவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். “வீடு மாறினாயா, மகனே? மாறியிருந்தால் எழுதிக் கொடுத்தாயா? ரசீது இருக்கிறதா?” ஆங்கிலம் அறியாத தாயும் கேட்கக் கூடிய கேள்வி இது. மகனுடைய ‘ஏ’ எண்ணையும், வக்கீலின் தொலைபேசி எண்ணையும், அடுத்த விசாரணை நாளையும் குடும்ப ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டையில் குறித்து வையுங்கள். மகன் எண்ணைத் தொலைத்துவிட்டாலும் வீட்டில் அது இருக்கும்.

உறவினருக்கும் ஒரு சொல். உங்கள் முகவரியைக் கொடுத்துத் தங்கிச் சென்ற பையன்மேல் உங்களுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அவன் பெயருக்கு வரும் கடிதத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அன்றே அவனை அழைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். அயலானுக்குச் செய்யும் அன்புப் பணிகளில் அதுவும் ஒன்று.

நாம் தொடக்கத்தில் கூறிய தாயின் மகனுக்கு, கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமொன்றின் வழியாக வழக்குரைஞர் கிடைத்தார். ஆணையை நீக்கக் கோரும் மனு கொடுக்கப்பட்டிருக்கிறது. நீதிபதியின் முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை அவரை அனுப்ப முடியாது என்ற ஒரு நிழலில் அவர் வாழ்கிறார். அந்த அம்மையார் நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வந்து, சூசையப்பர் பீடத்தின் முன் சற்று நேரம் முழங்காலிட்டிருந்து போகிறார். சென்ற வாரம் அவரிடம் மகனைப் பற்றிக் கேட்டோம்.

“மறுபடியும் வீடு மாறினான், சாமி. மூன்றாம் நாளே எழுதிக் கொடுத்துவிட்டான். ரசீதை எனக்கும் அனுப்பியிருக்கிறான்” என்று கைபேசியைத் திறந்து காட்டினார்.

விழிப்பாய் இருந்த கன்னியரின் விளக்குகளைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது சிறு வேலை. மணமகன் வரும் இரவில்தான் அதன் அருமை தெரியும். பிறநாட்டில் வழக்கில் நிற்கும் நம் பிள்ளைகள் யாவரையும் எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த திருக்குடும்பம் காப்பதாக. விழிப்பு என்னும் அந்தச் சிறு வேலையை அவர்கள் நாளும் செய்ய ஆண்டவர் அருள்வாராக.